தமிழ் கீபோர்டு போட்டால் கண்ட்ரோல் + எஸ் கேட்பதில்லை, ஏன்?

கேள்வி | 3 அக்டோபர் 2023, இரவு 9:14

தென்காசியில் ஒரு பலசரக்குக் கடைக்கு எலக்ட்ரானில் (வலைப்பக்கம் எழுதும் முறையிலேயே கம்ப்யூட்டர் மென்பொருள் செய்ய உதவும் கருவி) பில் போடும் மென்பொருள் எழுதியிருக்கிறேன். கண்ட்ரோல் + எஸ் அமுக்கினால் பில் சேமிக்கப்பட வேண்டும். கீபோர்டு ஆங்கிலத்தில் இருந்தால் சேமிக்கிறது. சரக்கின் பெயரைத் தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் அடித்துவிட்டு, மொழியை மாற்றாமல் அப்படியே அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. பிழை பார்க்கும் கன்சோல் சன்னலில் பார்த்தேன்: அமுங்கிய விசையின் எழுத்தைச் சொல்லும் ஈவென்ட்.கீ-யில் 'எஸ்' என்று வரவேண்டிய இடத்தில் 'இ' வருகிறது. கூட வேலை பார்க்கும் நண்பர், தமிழ் கீபோர்டில் ஷார்ட்கட் வேலை செய்யாது, சேமிப்பதற்கு முன்னால் மொழியை மாற்றச் சொல்லிக் கடைக்காரரைப் பழக்கிவிடு என்கிறார். அதுதான் வழியா?

பதில் | 3 அக்டோபர் 2023, இரவு 11:02

இல்லை. கடைக்காரரைப் பழக்காதீர்கள். அவர் விரல் சரியான விசையில்தான் விழுகிறது, உங்கள் ஒப்பீடுதான் தவறான இடத்தில் நிற்கிறது.

ஒரு விசை அமுங்கும்போது மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. எந்த இடத்து விசை அமுங்கியது என்று கீபோர்டு ஒரு ஸ்கேன் கோடு அனுப்புகிறது. விண்டோஸ் அதை ஒரு விசை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. எஸ்ஸுக்கு அந்த எண் 83. அப்புறம்தான், இப்போது எந்த மொழி அமைப்பு ஓடுகிறது என்று பார்த்து, அதற்குரிய எழுத்தைத் தருகிறது. தமிழ்99-இல் எஸ் இருக்கும் இடத்தில் இ. இன்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு அமைப்பில் அதே இடத்தில் ஏகாரத்துக்கான இரட்டைக் கொம்பு. நீங்கள் மூன்றாவதாக வருகிற எழுத்தை வைத்துக்கொண்டு, முதலில் அமுங்கிய விசையைத் தேடுகிறீர்கள்.

ஈவென்ட்.கீ-க்குப் பதிலாக ஈவென்ட்.கோட் பாருங்கள். எந்த மொழி போட்டிருந்தாலும் அதில் 'கீஎஸ்' என்றே வரும்.

4 அக்டோபர் 2023, காலை 6:30

படுத்த பிறகு யோசித்தேன். இரவு சொன்னது பாதிதான் சரி.

ஈவென்ட்.கோட் சொல்வது இடத்தை மட்டும். பிரான்ஸில் பயன்படுத்தும் அசெர்ட்டி கீபோர்டில், நமக்கு க்யூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கும். அங்கே ஒருவர் கண்ட்ரோல் + ஏ அமுக்கினால் உங்கள் நிரல் கண்ட்ரோல் + க்யூ என்று எடுத்துக்கொண்டு கடையை மூடிவிடும். தென்காசிக் கடைக்கு அந்தக் கீபோர்டு வரப்போவதில்லைதான். இருந்தாலும் முறையாகவே எழுதுங்கள்: ஈவென்ட்.கீ-யில் வந்தது ஆங்கில எழுத்தா? அப்படியானால் அதைச் சிற்றெழுத்தாக்கி நம்புங்கள் (கேப்ஸ் லாக் போட்டிருந்தால் பெரிய எழுத்தாக வரும், அதனால்). ஆங்கில எழுத்து இல்லையென்றால் ஈவென்ட்.கோட்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. எலக்ட்ரானில் 'சேமி' என்று ஒரு மெனு வைத்து, அதற்கு ஆக்சிலரேட்டராக (மெனுவுக்கான ஷார்ட்கட் விசையாக) கண்ட்ரோல் + எஸ் கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் அது விசை எண்ணை வைத்தே பார்க்கும். மெனுவில் பக்கத்திலேயே அந்த ஷார்ட்கட்டும் எழுதியிருக்கும், கடைக்காரர் தானாகக் கற்றுக்கொள்வார்.

4 அக்டோபர் 2023, இரவு 10:40

இதுவரை பதில் சொன்ன நான் இருப்பது பாளையங்கோட்டை. என் நிரல்மொழி சி ஷார்ப், சன்னல்களை அமைக்க வின்ஃபார்ம்ஸ். டவுன், ஜங்ஷன், பேட்டை, மேலப்பாளையம் என்று சின்னக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். எலக்ட்ரான் எனக்கு இரண்டாவது மொழி மாதிரி, அதனால் என் அனுபவம் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம்தான்.

அங்கே விசை அமுங்கியதும் கீடவுன் செய்தி வரும். அதை மொழிபெயர்த்த பிறகுதான் எழுத்துச் செய்தி வரும். எழுத்துச் செய்தியில் கண்ட்ரோல் + எஸ்ஸைத் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே எஸ் என்று ஒன்று வராது. 19 என்ற எண் வரும். எஸ் ஆங்கிலத்தில் 19-ஆவது எழுத்து, அந்தக் காலத்து டெர்மினல் வழக்கம் அப்படியே தங்கிவிட்டது.

வின்ஃபார்ம்ஸில் முதலில், விசைகளைப் பெட்டிக்கு முன்னால் ஃபார்முக்கு (முழுச் சன்னலுக்கு) காட்டும் கீபிரிவ்யூவை ஆன் செய்து ஃபார்மின் கீடவுனில் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப், அம்புக்குறி மாதிரி விசைகள் பல சமயம் அங்கே வந்து சேர்வதே இல்லை, வழியிலேயே கர்சரை அடுத்த பெட்டிக்கு நகர்த்தப் போய்விடும். இப்போது எல்லாம், ஷார்ட்கட் விசைகளைப் பிடிக்க வின்ஃபார்ம்ஸ் தரும் ப்ராசஸ்சிஎம்டிகீ என்ற செயல்கூறில்தான். கண்ட்ரோல் + எஸ் சேர்ந்தே ஒரே மதிப்பாக வருகிறது, எந்தப் பெட்டியில் கர்சர் இருந்தாலும் முதலில் எனக்கு வருகிறது. நம் வேலை என்றால் உண்மை என்று திருப்பி அனுப்பினால் போதும், அந்த விசை அதற்கு மேல் போகாது.

7 அக்டோபர் 2023, இரவு 11:50

விசையைப் பார், எழுத்தைப் பார்க்காதே என்று மேலே உறுதியாகச் சொன்னேன். அதுவும் ஒருநாள் என்னை ஏமாற்றியது. அதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் மட்டும் அடிக்கிற இடத்தில் இது வராது.

டவுன் ரத வீதியில் ஒரு மளிகைக் கடை. அங்கே பில் போடும் அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், கை பறக்கும். கடை அண்ணாச்சி ஒரு விரலில் தட்டுவார். இருவருமே ஆங்கில ஒலிப்படி அடித்தால் தமிழாக்கித் தரும் மென்பொருள் ஒன்றைப் போட்டுத்தான் அடித்தார்கள். ஒரு சனிக்கிழமை போன் வந்தது.

"தம்பி, அரிசி அடிச்சா வரி பூரா அழிஞ்சு போயிருது. பருப்பும் அப்படித்தான். உப்பு மட்டும் நிக்கி."

"அண்ணாச்சி அடிச்சாலும் அப்படியாக்கா?"

"அவுக அடிச்சா எல்லாம் நிக்கி. நான் அடிச்சாத்தான் போகுது."

நேரில் போனேன். வருகிற ஒவ்வொரு விசையையும் நேரத்தோடு ஒரு வரியாக எழுதும் சின்னச் சன்னல் ஒன்று எப்போதும் என் பென் டிரைவில் இருக்கும். அதைத் திறந்து வைத்து, அரிசி அடிக்கச் சொன்னேன். அவர் அமுக்கியது ஐந்து விசைகள். என் சன்னலில் நடுவே இரண்டு பேக்ஸ்பேஸ்கள் நின்றன. அவர் கை பேக்ஸ்பேஸ் பக்கமே போகவில்லை.

நடந்தது இதுதான். ஆர் தட்டியதும் ர் என்று புள்ளியோடு வந்துவிடுகிறது. அடுத்து ஐ தட்டினால் ரி ஆக வேண்டும். அதற்கு அந்த மென்பொருள் தானே ஒரு பேக்ஸ்பேஸை அனுப்பிப் புள்ளியை அழித்துவிட்டு, கொக்கியைப் போடுகிறது. சி-க்கும் அப்படியே. ஆக அரிசிக்கு இரண்டு பேக்ஸ்பேஸ். பருப்புக்கு மூன்று. உப்புக்குக் கடைசியில் ஒன்றே ஒன்று.

நானோ, அரை வினாடிக்குள் இரண்டு பேக்ஸ்பேஸ் வந்தால் அந்த வரியை நீக்கிவிடு என்று ஒரு ஷார்ட்கட் வைத்திருந்தேன். அக்காவின் வேகத்தில் இரண்டு பேக்ஸ்பேஸும் அரை வினாடிக்குள் விழுந்தன. அண்ணாச்சி ஒரு எழுத்து தட்டி, அடுத்த எழுத்தைத் தேடுவதற்குள் ஒரு வினாடி ஓடிவிடும். அதனால் அவர் அரிசி பிழைத்தது.

8 அக்டோபர் 2023, காலை 7:15

நேற்றைய குறிப்பில் தீர்வைச் சொல்லாமல் தூங்கிவிட்டேன். கீழ்நிலைக் கீபோர்டு ஹூக் (எல்லா விசையையும் இடைமறித்துப் பார்க்கும் வழி) போட்டால், இந்த விசை கையால் அமுக்கப்பட்டதா அல்லது இன்னொரு நிரல் செலுத்தியதா என்று ஒரு குறி கிடைக்கும். செலுத்தியதை ஒதுக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். செய்யவில்லை. திரையில் தோன்றும் கீபோர்டும், தூரத்திலிருந்து இணைத்துச் சரிசெய்யும் மென்பொருள்களும் அதே வழியில்தான் விசையை அனுப்புகின்றன. அவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிடுவோம்.

இரட்டைப் பேக்ஸ்பேஸ் ஷார்ட்கட்டையே தூக்கிவிட்டேன். வரி நீக்க இப்போது கண்ட்ரோல் + டெலீட். எழுத்து அடிக்க உதவும் எந்த விசையையும் தனியாக ஷார்ட்கட்டுக்கு எடுக்கக் கூடாது என்பது என் முடிவு.

8 அக்டோபர் 2023, காலை 7:40

விசைப் பதிவைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு விசை எண்கள். 231 வந்தால், யாரோ ஒரு நிரல் யூனிகோடு எழுத்தை நேரடியாகச் செலுத்துகிறது. 229 வந்தால், உள்ளீட்டு மென்பொருள் அந்த விசையைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டையும் ஷார்ட்கட்டாகப் பார்க்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

15 அக்டோபர் 2023, மாலை 5:20

தென்காசிக்காரர் ஆக்சிலரேட்டர் வழியில் போய்விட்டதாகவும் நன்றாக நடப்பதாகவும் எழுதியிருந்தார். கூடவே கேட்டிருந்தார்: கடைக்காரர் கண்ட்ரோல் + எஸ்ஸைத் தொடுவதே இல்லை, கண்ட்ரோல் + ஏ அமுக்கிவிட்டு ஏன் சேமிக்கவில்லை என்கிறாரே?

கடைக்காரர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதிப் பழகியவராக இருப்பார். டேலியில் கண்ட்ரோல் + ஏ என்றால் ஏற்றுக்கொள், அதாவது சேமி. எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 பணம் வந்தது. நம் ஊரில் கல்லாவில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பழகியவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் அரிச்சுவடி. என் மென்பொருளில் எஃப்8-ஐ விற்பனை பில்லுக்கே வைத்தேன், அது அச்சையும் சேர்த்துப் போட்டுவிடும். கண்ட்ரோல் + ஏ-க்கு, எழுதும் பெட்டிக்குள் கர்சர் இருந்து அதில் ஏதாவது எழுத்து இருந்தால் எல்லாவற்றையும் தேர்ந்தெடு, இல்லாவிட்டால் சேமி என்று எழுதினேன்.

அது ஒரு வாரம்தான் தாங்கியது. ஒரே விசை இரண்டு வேலை செய்தால் கை எப்போதும் தயங்கும். கேட்டுப் பார்த்தேன், எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க அங்கே யாருமே கண்ட்ரோல் + ஏ பயன்படுத்தவில்லை. இப்போது எப்போதும் சேமி மட்டும். கண்ட்ரோல் + எஸ்ஸும் சேமி.

29 அக்டோபர் 2023, இரவு 10:05

வேறொருவர் தன் நிரலை அனுப்பியிருந்தார். கண்ட்ரோல் அமுங்கினால் ஒரு மாறியை உண்மையாக்குகிறார், விட்டால் பொய்யாக்குகிறார். எஸ் வரும்போது அந்த மாறியைப் பார்க்கிறார். சில நேரம் கண்ட்ரோலைத் தொடாமலே எஸ் அடித்தால் சேமித்துவிடுகிறது என்றார்.

கண்ட்ரோலை அமுக்கியபடி வேறு சன்னலுக்குப் போய்விட்டால், கண்ட்ரோலை விட்ட செய்தி அந்தச் சன்னலுக்குத்தான் போகும். உங்கள் மாறி உண்மையாகவே நின்றுவிடும். சொந்தமாகக் கணக்கு வைக்காதீர்கள், விண்டோஸிடம் கேளுங்கள். கேட்பதிலும் இரண்டு வழி இருக்கிறது. கெட்கீஸ்டேட் என்பது, இப்போது நீங்கள் கையாளும் செய்தி வந்தபோது விசை எப்படி இருந்தது என்று சொல்லும். கெட்அசிங்க்கீஸ்டேட் என்பது இந்த நொடியில் எப்படி இருக்கிறது என்று சொல்லும். பழைய கம்ப்யூட்டரில் பில் கணக்காகிக்கொண்டிருக்கும்போது அக்கா கண்ட்ரோல் + எஸ் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். என் நிரல் அந்தச் செய்தியை எடுக்கும்போது கண்ட்ரோல் மேலே வந்திருக்கும். அசிங்க்கைக் கேட்டால், கண்ட்ரோல் இல்லையே என்று சொல்லிவிடும். ஷார்ட்கட்டுக்கு முதலாவதுதான் சரி.

11 நவம்பர் 2023, இரவு 11:58

நாளை தீபாவளி. இன்று காலையிலிருந்து நான்கு கடை. ஒரு கடையில் நடந்ததை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

அல்வாக் கடை. வாசலில் கூட்டம் சாலை வரை நிற்கிறது. அச்சு இயந்திரம் ஒரே பில்லை ஏழு முறை துப்பியது. பில் போடும் தம்பி மேல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தால், அரைக் கிலோ பொட்டலம் ஒன்று கீபோர்டின் மேல் ஓரத்தில், எஃப்8 மேல் உட்கார்ந்திருந்தது. இன்னும் சூடாக இருந்தது, நெய் பேப்பரில் கசிந்திருந்தது.

விசையைத் தொடர்ந்து அமுக்கினால் கீடவுன் திரும்பத் திரும்ப வரும். எழுத்துக்கு அது தேவை. அச்சுக்கு அது ஆகாது. அந்தச் செய்தியோடு வரும் எண்ணில் (பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால்) 30-ஆவது பிட் ஒன்றாக இருந்தால், விசை ஏற்கனவே அமுங்கித்தான் இருக்கிறது என்று பொருள். எலக்ட்ரானில் இதையே ஈவென்ட்.ரிபீட் சொல்லும். பணம், அச்சு, நீக்கம், இந்த மூன்றிலும் அதைப் பார்க்காமல் விடாதீர்கள். நான் பார்க்காமல் விட்டதற்கு ஒரு பையன் திட்டு வாங்கினான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இன்னொன்று. ஷிப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற விண்டோஸ் வசதி வேண்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அது வந்து நின்று எல்லோரையும் தொல்லை செய்கிறது. என் கடைகள் எல்லாவற்றிலும் ஸ்டிக்கி கீஸை அணைத்துவிட்டேன். நீங்களும் செய்யுங்கள். (21 ஜனவரி குறிப்பைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள்.)

14 நவம்பர் 2023, மாலை 6:30

மென்பொருள் பின்னால் ஒளிந்திருந்தாலும் ஷார்ட்கட் கேட்க வேண்டும் என்றால் என்ன செய்வது என்று கேள்வி. ரெஜிஸ்டர்ஹாட்கீ என்ற விண்டோஸ் வசதியில் அந்த விசையைப் பதிவு செய்யலாம். ஆனால் நூறு முறை யோசியுங்கள். ஒருமுறை எஃப்2-ஐ இப்படிப் பதிவு செய்து வைத்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் எக்செல்லில் எஃப்2 அமுக்கினால் செல்லுக்குள் போகவில்லை, என் மென்பொருள் எழுந்து வந்து நின்றது. கணக்குப்பிள்ளை இரண்டு நாள் அல்லாடியிருக்கிறார். எஃப்12-ஐத் தொடவே கூடாது, அது டீபக்கருக்கு (நிரலில் பிழை தேடும் கருவிக்கு) ஒதுக்கியது. ஏற்கனவே வேறு நிரல் எடுத்துவிட்டிருந்தால் பதிவு தோற்கும், பிழை எண் 1409. அதைக் கண்டால், பேசாமல் இருக்காமல் பயனருக்குச் சொல்லிவிடுங்கள். விண்டோஸ் 7 முதல், அமுக்கிப் பிடித்தாலும் ஒரே முறைதான் வர வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம்.

ஹூக் போட்டும் பார்த்தேன். சில மணி நேரம் வேலை செய்யும், அப்புறம் சத்தமில்லாமல் நின்றுவிடும். காரணம், ஹூக்குக்குக் கொடுத்த டெலிகேட்டை (விசை வந்தால் எந்தச் செயல்கூறை அழைப்பது என்று காட்டும் சுட்டு) எங்கும் பிடித்து வைக்கவில்லை, பயன்படாத நினைவகத்தைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு நிலையான புலத்தில் வைத்தால் சரியாகும்.

15 நவம்பர் 2023, காலை 9:10

நேற்றுச் சொன்ன காரணம் என் கடைக்குப் பொருந்தாது. பழைய நிரலை எடுத்துப் பார்த்தேன், டெலிகேட்டைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறேன். (அதுவும் நடக்கிற கோளாறுதான். ஆனால் அப்படியானால் பெரும்பாலும் நிரலே விழுந்துவிடும், சத்தமில்லாமல் நிற்காது.)

உண்மைக் காரணம், ஹூக்குக்குள்ளேயே தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கீழ்நிலை ஹூக் குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் விண்டோஸ் அதைத் தாண்டிப் போய்விடும். விண்டோஸ் 7-க்குப் பிறகு, இப்படித் தாமதித்தால் ஹூக்கையே கழற்றிவிடக்கூடும், உங்களுக்குத் தகவல்கூட வராது. ஹூக்குக்குள் குறித்துக்கொண்டு உடனே திரும்புங்கள், வேலையை வெளியே செய்யுங்கள். அதைவிட, ஹூக்கே வேண்டாம். எல்லா விசையையும் கேட்கிற நிரலை வைரஸ் தடுப்பு மென்பொருளும் சந்தேகமாகத்தான் பார்க்கும், அது நியாயமும்கூட.

26 நவம்பர் 2023, மதியம் 2:00

அறிக்கை திறக்கக் கண்ட்ரோல் + ஆல்ட் + 4 வைத்திருக்கும் ஒருவர், தன் பயனரால் ₹ அடிக்க முடியவில்லை என்கிறார். இங்கிலீஷ் (இந்தியா) அமைப்பில் வலது ஆல்ட் + 4 தான் ₹. அங்கே வலது ஆல்ட்டை அமுக்கினால் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அமுங்கியதாகவே நிரலுக்கு வரும். ஆகப் பயனர் ரூபாய் போடப் போனால் உங்கள் அறிக்கை திறக்கிறது. கண்ட்ரோல் + ஆல்ட்டோடு எழுத்தையோ எண்ணையோ சேர்க்கவே வேண்டாம்.

எண் பலகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கீபோர்டின் வலது ஓரத்தில் அந்தப் பலகையில் உள்ள கூட்டலின் விசை எண் 107, மேல் வரிசையில் உள்ள கூட்டலுக்கு 187. இரண்டையும் பிடியுங்கள். கடையில் வலது கை எண் பலகையை விட்டு நகராது.

2 டிசம்பர் 2023, இரவு 8:45

பார்கோடு ஸ்கேன் செய்தால் கண்ட்ரோல் + ஜே அமுங்குகிறதாம். ஸ்கேனரும் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டுதான். கோடு முடிந்ததும் வரி மாற்றும் குறியை அனுப்பு என்று அதில் அமைத்திருந்தால், பல ஸ்கேனர்கள் அதைக் கண்ட்ரோல் + ஜே-யாகவே தட்டும். க்ரோமில் அதனால்தான் பதிவிறக்கப் பக்கம் திறக்கிறது. ஸ்கேனரோடு வந்த அமைப்புத் தாளில் என்டர் மட்டும் அனுப்பும் கோட்டை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். கண்ட்ரோல் + ஜே-யை நீங்கள் வேறெதற்கும் வைக்காதீர்கள்.

27 டிசம்பர் 2023, இரவு 9:30

பத்து நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. 17, 18 தேதி மழை எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. என் கடைகளில் மூன்றில் தண்ணீர். கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண் மேல் வைத்தவர்கள் கீபோர்டை மேசையிலேயே விட்டுவிட்டார்கள். அதை யார் நினைப்பார்கள்.

மாடியில் காயவைத்துத் திரும்ப மாட்டினார்கள். நேற்று ஒரு அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, பி அடிச்சா அச்சு வருது. எஸ் அடிச்சா பேர் வர மாட்டேங்கு, சேவ் ஆகுது. ஒங்க சாப்ட்வேருக்குள்ளயும் தண்ணி போயிருச்சா?"

போய்க் கீபோர்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வண்டல், மாவு மாதிரி நைஸாக. இடது கண்ட்ரோலுக்குக் கீழே இரண்டு தாளும் ஒட்டிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை யாரோ கண்ட்ரோலை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் சொன்னதை என் நிரல் நம்பியது, தவறே இல்லை. ஆனால் அண்ணாச்சிக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. எழுத்து வராமல் போனால்தான் தெரிகிறது, அதற்குள் பாதிப் பில் சேமிக்கப்பட்டுவிட்டது.

6 ஜனவரி 2024, மாலை 4:15

விசை ஒட்டியிருந்தால் கடைக்காரருக்குத் தெரிய ஒரு வழி செய்து முடித்துவிட்டேன். திரையின் கீழ்ப்பட்டையில் மூன்று சின்னக் கட்டங்கள்: கண்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட். எது அமுங்கியிருப்பதாக விண்டோஸ் நினைக்கிறதோ அது மஞ்சளாகும். வினாடிக்குப் பத்து முறை பார்க்கிறேன். அக்டோபர் 29 அன்று வேண்டாம் என்று சொன்ன கெட்அசிங்க்கீஸ்டேட்தான் இங்கே சரி, ஏனென்றால் எனக்கு இந்த நொடிதான் வேண்டும். பத்து வினாடிக்கு மேல் எரிந்தால், கண்ட்ரோல் விசை ஒட்டியிருக்கிறது, கீபோர்டைப் பாருங்கள் என்று எழுத்தில் காட்டும், அதுவரை ஷார்ட்கட்களை நிறுத்திவைக்கும். நேரத்தைப் பதிவிலும் எழுதும்.

பதிவுகளைப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. மேலப்பாளையத்தில் ஒரு கடையில் ஒவ்வொரு பில்லுக்கும் கண்ட்ரோல் நான்கைந்து வினாடி அமுங்கியே இருக்கிறது, பிறகு விடுபடுகிறது. அங்கே தண்ணீர் வரவில்லை. நவம்பருக்கு முன்னால் அப்படி இல்லை.

21 ஜனவரி 2024, இரவு 10:20

அந்தக் கடைக்குப் போய்வந்தேன்.

பில் போடுபவருக்கு ஐம்பது வயது இருக்கும். வலது கை வராது, சின்ன வயதிலிருந்தே. எனக்குத் தெரியாது. மென்பொருள் போட்டுக் கொடுத்த நாளில் கடை முதலாளிதான் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எல்லாம் போனிலேயே முடிந்தது.

நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது கையால் சரக்குப் பெயரை அடித்தார், எண்ணை அடித்தார். அப்புறம் தராசுத் தட்டிலிருந்து இருநூறு கிராம் எடைக்கல்லை எடுத்துக் கண்ட்ரோல் விசை மேல் வைத்தார். கையைக் கொண்டுபோய் டெலீட்டை அமுக்கி ஒரு வரியை நீக்கினார். எடைக்கல்லை எடுத்தார். திரும்ப வைத்து, எஸ். எடுத்தார். கண்ட்ரோல் விசையின் எழுத்து அழிந்து, அந்த இடத்தில் வட்டமாக ஒரு தேய்வு இருந்தது.

"முன்னால இப்படி இல்ல தம்பி. கண்ட்ரோலைத் தட்டிட்டு விட்டுருவேன், அது நிக்கும். அப்புறம் எஸ்ஸத் தட்டுவேன். தீபாவளிக்கு முந்தி என்னமோ ஆயிப்போச்சு. கம்ப்யூட்டர் பழசாயிருச்சுன்னு நெனச்சேன்."

ஸ்டிக்கி கீஸ் இருப்பதே அதற்குத்தான். கண்ட்ரோல், ஷிப்ட் போன்ற துணை விசையைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தால், அடுத்த விசை வரும் வரை அது அமுங்கியதாகவே விண்டோஸ் வைத்துக்கொள்ளும். தொல்லை என்று சொல்லி அதைத்தான் நவம்பரில் அணைத்தேன், உங்களையும் அணைக்கச் சொன்னேன். அந்த வரியில் ஒரு எச்சரிக்கை சேர்த்திருக்கிறேன், அழிக்கவில்லை. ஐந்து ஷிப்ட் பெட்டி தொல்லை என்றால், அந்தக் குறுக்கு வழியை மட்டும் அணைக்கலாம், ஸ்டிக்கி கீஸ் தனியாக ஆன் ஆகியே இருக்கும். அமைப்பில் அது தனிக் கட்டம். அணைக்கும் முன்னால், அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று கேளுங்கள்.

திரும்ப ஆன் செய்து கொடுத்தேன். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. துணை விசைகளை விண்டோஸிடமே கேட்பதால் எல்லா ஷார்ட்கட்டும் அப்படியே வேலை செய்தன. அவர் கண்ட்ரோலைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தார். கீழ்ப்பட்டையில் கட்டம் மஞ்சளாகி நின்றது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எஸ்ஸைத் தட்டினார். கட்டம் அணைந்தது, பில் சேர்ந்தது. விசை ஒட்டியிருக்கிறது என்று சொல்லும் பத்து வினாடி எச்சரிக்கையை அவர் கடைக்கு மட்டும் ஒரு நிமிடமாக்கினேன்.

நான் கிளம்பும்போது ஒருவர் கால் கிலோ மிளகு கேட்டு வந்தார். எடைக்கல் தராசுக்குப் போய்விட்டது.